கடன் பங்கும் அடக்க விலையும்

தரகரிடம் பங்கைக் கடன் வாங்கி முதலில் விற்று, பின்னர் சந்தையில் வாங்கித் திருப்பித் தரும் ‘ஷார்ட் செல்லிங்’ முறையில், பங்கை வாங்கச் செலவிட்ட தொகையான அடக்க விலை விற்பனைக்குப் பிறகே தெரியவருகிறது. அமெரிக்காவில் 100 பங்குகளை 50 டாலர் வீதம் இவ்வாறு விற்றவரின் கணக்கில், அடக்க விலையைப் பூஜ்யமாகக் கொண்டு 5,000 டாலரையும் லாபமாகக் காட்டும் தனிநபர் கணக்கு மென்பொருள், தீராத கடனையே வருமானமாக்கிவிடுகிறது, இது பெரும்பிழை. அவற்றை 40 டாலர் வீதம் வாங்கிக் கடனைத் தீர்க்கும்போதுதான், தரகுக் கட்டணம் நீங்கலாக, 1,000 டாலர் லாபம் உறுதியாகிறது. இடையில் பங்கின் உரிமையாளருக்கு ஈவுத்தொகைக்கு ஈடாக 100 டாலர் தந்து, விற்ற 45 நாட்களுக்குள் கணக்கை முடித்திருந்தால், அந்நாட்டு வருமான வரி விதிப்படி அத்தொகையும் அடக்க விலையில் சேர்ந்து லாபம் 900 டாலராகக் குறையும். எளிதில் கண்ணுக்குத் தப்பும் இச்செலவைப் பதிய மென்பொருளில் தனிக் கட்டம் இருந்தே ஆக வேண்டும்.