சங்க வண்டியின் இஞ்சின் ஓசையும் கமிட்டித் தீர்மானமும்

சென்ற குறுவை அறுவடைக்குச் சற்று முன்னர், கும்பகோணம் வட்டாரத்துச் சங்கமொன்றுக்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தேன். அன்றைய கமிட்டியின் தீர்மானங்களுள் ஒன்று, சங்கத்தின் பழைய பிக்-அப் வண்டியின் இஞ்சினை இறக்கிப் புதுப்பிக்க ரூ. 92,000 செலவிடுவது பற்றியது. வண்டி 3 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. உர மூட்டையும் விதைநெல்லும் அங்கத்தினர் வாசலுக்குக் கொண்டு சேர்ப்பது அதுவே. அண்டை நெசவாளர் சங்கத்துக்கு நூல் ஏற்றி வருவதும் அதுவே. மூன்று கொட்டேஷன்கள் முறையாக இணைக்கப்பட்டிருந்தன. காகித அளவில் குறை கூற இடமில்லை. "என்ன மாதிரி ஓசை? எப்போது கேட்கிறது?" என்று வினவினேன். கமிட்டியில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

காய்ச்சல் என்ற ஒரு சொல்லைக் கேட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டுவார் எவருமிலர். "இஞ்சின் தட்டுகிறது" என்ற சொல்லுக்கு மட்டும் அங்கத்தினர் பணத்தை நாம் தாராளமாக எடுத்து வைக்கிறோம். இதில் எனக்கு உடன்பாடில்லை.

டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகுதியாக அழுத்துவதனால் எழும் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆதலின் சிறிது கடகடப்பு அதற்குப் பிறவிக் குணம். காலையில் குளிர்ந்திருக்கையில் இன்னும் மிகுதி. ஆயில் இஞ்சின் வைத்து வயலுக்கு நீர் இறைத்த பெரியோர்க்கு இது புதிதன்று. கவனிக்க வேண்டியது, நேற்றில்லாமல் இன்று கேட்கும் ஓசையையே. தறியில் நாடா போய் மோதும் ஒலி மாறினால், நெசவாளர் கண்ணை மூடிக்கொண்டே பழுது எங்கே என்று சொல்லிவிடுவார். இஞ்சினுக்கும் அத்தகைய செவி வேண்டும்.

குளிர்ந்த இஞ்சினில் தட்டி, சூடேறியதும் அடங்கும் ஓசை பெரும்பாலும் பிஸ்டன் தேய்ந்து ஆடுவதனால் வருவது. அதனோடு வண்டி நெடுநாள் ஓடக்கூடும். இதற்கு மாறாக, சூடேறி ஆயில் இளகிய பின்னர், பாரம் இழுக்கும்போது ஆழத்திலிருந்து தட் தட் என்று எழுவது பேரிங் தேய்மானத்தின் அறிகுறி. அப்போது வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துவது நலம். மேலே மெல்லிய டிக் டிக் கேட்பின் டாப்பெட் இடைவெளியைப் பார்க்கலாம். கிளட்சை மிதித்ததும் மாறும் ஓசையானால் இஞ்சினைத் தொடுவதற்கு முன் கிளட்சுப் பக்கம் பார்க்க வேண்டும். தளர்ந்த ஒரு போல்ட்டும் இஞ்சினே உடைந்தாற்போல் அரற்றுவதுண்டு!

செவியோடு நின்றுவிடலாகாது. ஆயில் அளவு சரியா, சூடான நிலையில் ஆயில் அழுத்தம் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய ஆயில் பில்டரை அறுத்து, உள்ளிருக்கும் காகிதத்தை வெயிலில் விரித்துப் பார்ப்பது இன்னும் மேலான சாட்சி. பளபளக்கும் தூளோ செப்பு நிறச் செதிலோ தென்பட்டால் பேரிங் தேய்ந்து வருகிறதென்று கொள்ளலாம்.

மேற்கூறிய சங்கத்தில் தீர்மானத்தை ஒரு வாரம் ஒத்தி வைக்கும்படி வேண்டினேன். டிரைவரைத் தனியே அழைத்துக் கேட்டபோது அவர், "ரெண்டு மாசமாவே கேட்குதுங்க ஐயா. சொன்னா நான்தான் வண்டியைக் கெடுத்தேன்னு எழுதிடுவாங்க" என்றார். மறுநாள் பட்டறையில் ஆயில் அழுத்தம் சரியாகவே இருந்தது. பில்டரில் உலோகத் தூள் இல்லை. ஓடும் இஞ்சினில் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் முறையே தளர்த்தியபோது, மூன்றாவதைத் தளர்த்தியதும் ஓசை நின்றது. (பழைய பம்ப் உள்ள வண்டிக்கே இது ஆகும். காமன் ரெயில் வண்டிகளில் எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேலும் ஏறும். அது தோலைத் துளைத்து உடலுள் பாயும். அவற்றில் எவரும் இதைச் செய்யலாகாது.) ஆயினும் பேரிங் தட்டினாலும் இவ்வாறு அடங்குவதுண்டு. ஆகவே இரண்டாவது இன்ஜெக்டரையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் பூட்டினோம். ஓசையும் இரண்டாவது சிலிண்டருக்கு இடம் மாறிற்று. குற்றவாளி நாஸில்தான் என்பதில் பின்னர் ஐயமில்லை. மொத்தச் செலவு ரூ. 3,400.

இதனால் மெக்கானிக்குகள் யாவரும் ஏமாற்றுவோர் என்று நான் கூறுவதாகக் கொள்ளற்க. வேறொரு சங்கத்தில், சூட்டில் எழுந்த ஆழ்ந்த ஓசையைப் பட்டறைக்காரர் எச்சரித்தும், "தாளடி நடவு முடியட்டும்" என்று ஓட்டினார்கள். கனெக்டிங் ராடு முறிந்து இஞ்சினின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளிவந்தது. அவ்விஞ்சின் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று.

பழியில் பெரும்பகுதி எங்கள் இலாகாவைச் சார்ந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ரூ. 500 கொடுத்து ஓசையைச் சோதிக்கக் காரியதரிசி தயங்குகிறார், "எந்த விதிப்படி?" என்று நாளை ஆட்சேபணை வரும், தண்டத்தீர்வை வரைக்கும் போகும் என்ற அச்சம். மூன்று கொட்டேஷன் இருந்தால் ரூ. 92,000-க்கு அவர் அஞ்ச வேண்டியதில்லை. கொட்டேஷன்களை எண்ணிப் பார்க்கும் நாங்கள், அவை எந்தப் பழுதுக்குரியவை என்று கேட்டதில்லை. இஞ்சின் இறக்கும் தீர்மானம் எதுவாயினும், ஓசையின் விவரமும் ஆயில் அழுத்தமும் பில்டர் சோதனையும் எழுதிய ஒரு தாள் உடனிருந்தாலன்றி கமிட்டி அதனை ஏற்கலாகாது என்பது என் அபிப்பிராயம். டிரைவரின் லாக் புத்தகத்தில் ஓசைக்கென ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். அதில் எழுதியதற்காக அவர் மீது நடவடிக்கை இல்லை என்று கமிட்டியே தீர்மானம் எழுதித் தர வேண்டும்.

என் ஆய்வுக்குட்பட்ட சங்கங்களில் இதனைச் சொல்லி வருகிறேன். சென்ற மாதம் ஒரு லாக் புத்தகத்தில் அப்பத்தியின் முதல் வரியைக் கண்டேன்: "காலையில் திருவிடைமருதூர் போகும் வரை டக் டக். அப்புறம் இல்லை. ஆயில் சரி." பிஸ்டன் ஆட்டமென்று பட்டறையிலும் உறுதி செய்தனர். அறுவடை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. வண்டி நெல் ஏற்றிக்கொண்டிருக்கிறது.