சில்லின் கதையும் சொல்லப்பட வேண்டும்

பழைய போர் விமானங்களைத் தேடிப் பேணுவதை வயது வந்தோரின் விளையாட்டு என்று எள்ளி நகையாடுவோர் நம்மிடையே உளர். நான் அவர்கள் கட்சியைச் சேர்ந்தவனல்லன். எடைக்குப் போக இருந்த ஓர் எந்திரத்தை மீட்டு, அதன் தகடுகளையும் ஆணிகளையும் ஆண்டுக்கணக்கிற் சீர்செய்து மீண்டும் வானில் ஏற்றுவது எளிய காரியமன்று. பிரித்தானிய விமானப் படை தன் யுத்தகால விமானங்களுக்கென 1957 முதல் தனிப் பிரிவொன்றையே நடத்தி வருகிறது. ஏழாயிரத்துக்கு மேற்பட்டுக் கட்டப்பட்ட லங்காஸ்டர் விமானங்களுள் பறக்கும் நிலையிற் பேணப்படுபவை இன்று உலகில் இரண்டே. ஒன்று அப்பிரிவிடமும் மற்றொன்று கனடாவிலும் உள்ளன.

இவ்வார்வலர்களிடம் நான் வியப்பது அவர்களது கைத்திறனை மட்டுமன்று. அவர்களுடைய ஞாபகத்தையும் வியக்கிறேன். ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. அந்த இலக்கத்தைச் சொன்னால் அது எத்தொழிற்சாலையிற் பிறந்தது, எந்த அணியிற் பணிபுரிந்தது, எங்கே வீழ்ந்தது என்பதை ஒப்புவித்து விடுவார்கள். குலமுறை கிளத்தும் புலவர்களும் இவர்களிடம் பாடங் கேட்கலாம்.

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலை மாணவரை இரத்மலானையிலுள்ள விமானப் படை அரும்பொருட்சாலைக்கு அழைத்துச் சென்றேன். எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். அருகிலுள்ள ஓடுபாதையிலிருந்துதான் 1942 ஏப்ரல் 5 ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்களை எதிர்க்க ஹரிக்கேன் விமானங்கள் எழுந்தன என்பதைச் சொன்னேன். கேட்டார்கள். ஆயினும் அவர்கள் கண் போனது இறக்கையின் மீதுமன்று, துப்பாக்கியின் மீதுமன்று. ஒரு மாணவி குனிந்து, விமானத்தின் சில்லைச் சுற்றியிருந்த கரிய ரயரைக் காட்டி, "சேர், இது நம்ம பாலா?" என்று கேட்டாள்.

அக்கேள்விக்கு அன்று நான் தக்க விடை சொல்லவில்லை. இப்போது சொல்ல முயல்கிறேன்.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் தோட்டங்கள் ஜப்பானியர் கைக்குப் போயின. அதன்பின் நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும் பங்கு இலங்கையினுடையதாயிற்று. இலங்கையில் இறப்பர் செழித்த இடங்களுள் கேகாலையும் இரத்தினபுரியும் அடங்கும். மரத்தின் ஆயுளைப் பாராது, கிடைக்கும் பாலையெல்லாம் வடித்தெடுக்கும் முறை அன்று கையாளப்பட்டது. அதற்குக் 'கொலை வெட்டு' என்று பொருள்படும் பெயரையே ஆங்கிலேயர் வைத்தனர். அதிகப் பாலுக்கு வெட்டப்பட்டது மரம். வெட்டிய கையைப் பற்றி அப்பெயர் எதுவும் சொல்வதில்லை.

தரையிறங்கும் கணத்தில் ஒரு விமானத்தின் முழுப் பாரமும், வேகமும், உராய்வின் வெப்பமும் ரயரின் மீதே விழுகின்றன. அதனைத் தாங்குவதில் இயற்கை இறப்பருக்கு ஈடில்லாமையால் இன்றும் விமான ரயர்கள் பெரும்பாலும் அதனையே நம்பியுள்ளன. அரும்பொருட்சாலையில் நின்றுவிட்ட விமானத்தில் முதலிற் கெடுபவற்றுள் ஒன்றும் இந்த இறப்பரே. வெளிச்சமும் காற்றும் பட்டு வெடிக்கிறது. ஒரே இடத்தில் பாரந் தாங்கித் தட்டையாகிறது. ஆகவேதான் பேணுவோர் விமானத்தை முட்டுக்கொடுத்து உயர்த்தி வைக்கிறார்கள். உலோகம் மிஞ்சுகிறது, இறப்பர் மாற்றப்படுகிறது. இன்ன விமானத்தின் இன்ன ரயர் எங்கள் மலையின் பாலில் ஆனதென்று நான் சாதிக்க வரவில்லை. அதைக் காட்ட எவராலும் இயலாது. என் வழக்கே அதுதான்.

விமானத்துக்கு இலக்கம் இருந்ததுபோல் தொழிலாளிக்கும் இலக்கம் இருந்தது. செக்ரோல் என்னும் பேரேட்டில் பெயரும், இலக்கமும், நாட்கூலியும் எழுதப்பட்டன. விமானத்தின் குறிப்பேடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு தோட்டத்தின் பழைய செக்ரோல் கட்டுகளை நான் கண்டபோது அவை கறையான் மண்ணாகி, தொட்ட இடத்தில் உதிர்ந்தன. இன்னொன்றும் கூறவேண்டும். யுத்தத்துக்குப் பால் வடித்தவர்களிற் பலரை 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. மறு ஆண்டு வாக்கும் போயிற்று. 1951 இல் இலங்கைக்குச் சொந்த விமானப் படை உருவானபோது, அதன் சில்லுக்குப் பால் தந்தவன் இந்நாட்டவன் அல்லன் என்பது சட்டத்தின் தீர்ப்பு. அந்தக் கணக்கை ஓரளவு தீர்க்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை பொறுக்க நேர்ந்தது.

ஆதலால் ஆர்வலர்களை நான் குறை கூறவில்லை. அவர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். விமானத்தின் சில்லருகே ஒரு பால்வெட்டுக் கத்தியையும், ஒரு சிரட்டையையும், புகைக்கூடத்திற் காய்ந்த ஒரு தாள் இறப்பரையும் வையுங்கள். இடம் அதிகம் பிடிக்காது. எந்த ஆணி எத்தொழிற்சாலையது என்று தேடும் உங்கள் கூர்மையில் ஒரு சிறு பங்கை இப்பக்கமும் செலுத்துங்கள்.

நாமும் வாளாவிருத்தல் தகாது. அந்த மாணவியின் பூட்டிக்கு வயது தொண்ணூறு கடந்துவிட்டது. யுத்த காலத்தில் தகப்பனாருடன் விடியுமுன் மலையேறி, மரப்பட்டையில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் இட்ட சிறுமி அவர். காது மந்தம்; கண்ணும் அப்படியே. தகப்பனாரின் செக்ரோல் இலக்கத்தைக் கேட்டேன். சற்றும் தயங்காமற் சொன்னார். தம் தாயாரின் இலக்கத்தையும், அடுத்த காம்பராக்காரரின் இலக்கத்தையும் கேளாமலே சேர்த்துச் சொன்னார். மாணவர்கள் அவற்றை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை பதினேழு பெயர்கள் ஏறியுள்ளன. வரும் ஞாயிற்றுக்கிழமை மேற்பிரிவு லயங்களுக்குச் செல்கிறோம்.