குளத்து நீரின் சாட்சி

ஒரு குளத்தில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று அறிய வலைதான் வீச வேண்டுமா? ஒரு போத்தல் தண்ணீர் போதும் என்கிறது இன்றைய விஞ்ஞானம். மீனும் தவளையும் தம் தோலின் கலங்களையும் சளியையும் கழிவையும் ஓயாமல் நீரில் விட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றிலுள்ள டி.என்.ஏ. சிதைந்து மறையச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். அதற்குள் நீரை வடிகட்டி, அந்த டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தால் அதை விட்டுச்சென்ற உயிர் எதுவென்று தெரிந்துவிடும். இதுவே சூழல் டி.என்.ஏ. முறை.

பிரான்ஸ் நாட்டுக் குளங்களில் அமெரிக்கக் காளைத்தவளை ஓர் அந்நிய ஆக்கிரமிப்பாளன். அத்தவளைகள் மிகச் சிலவே இருந்த குளங்களிலும் நீரை மட்டும் கொண்டே அவற்றைக் கண்டுபிடிக்கலாம் என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இலங்கையர் நமக்கும் இதில் பாடம் உண்டு. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று அலங்கார மீனாக வந்த 'டேங்க் கிளீனர்' இன்று நம் நீர்நிலைகளில் பெருகி மீனவரின் வலைகளில் சிக்குகிறது. வலை நிறையும்போது விழித்து என்ன பயன்? பத்து மீன்கள் இருக்கும்போதே தெரிந்தால் தடுக்க வழியுண்டு. பத்தாயிரமான பின் புலம்பத்தான் முடியும்.

"இதெல்லாம் பெரிய விஞ்ஞானிகளின் வேலை" என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. இங்கிலாந்தில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட கொண்டை நியூட் என்றோர் ஈரூடகவாழி உண்டு. அதைத் தேடி முன்பு இரவில் விளக்கோடு பலமுறை குளக்கரைக்குச் செல்ல வேண்டியிருந்தது. பின்னர், அது வாழ்வதாக அறியப்பட்ட 239 குளங்களில் நீர் எடுக்கும் பணி தொண்டர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் எடுத்த நீரில் நூற்றுக்கு 91 குளங்களில் அதன் டி.என்.ஏ. கிடைத்தது. 2014இல் அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமும் இம்முறையை ஏற்றுக்கொண்டது. குளத்தைச் சுற்றி 20 இடங்களில், கையுறை அணிந்து, அடிச்சேற்றைக் கலக்காமல் நீர் அள்ள வேண்டும். இதை உயர்தர விஞ்ஞான மாணவியரால் செய்ய முடியாதா?

குறைகளும் உள்ளன. எந்த உயிர் என்று சொல்லும் நீர், எத்தனை என்று திருத்தமாகச் சொல்லாது. உயிரோடு இருப்பதையும் செத்ததையும் பிரித்துக் காட்டாது. ஆற்று நீராயின் மேலே எங்கோ வாழும் உயிரின் தடயத்தையும் சுமந்து வரும். ஆய்வுகூடச் செலவும் சிறிதல்ல. ஆகவே களத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்கு இது துணையே அன்றி மாற்று அல்ல.

ஆயினும் என் கருத்து இதுதான்: பல்கலைக்கழக ஆய்வுகூடங்களும் பாடசாலை விஞ்ஞான மன்றங்களும் கைகோர்க்க வேண்டும். ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே குளங்களில், மாணவியர் நீர் எடுக்கட்டும்; ஆய்வுகூடம் அதை ஆராயட்டும்; முடிவுகள் எல்லோரும் பார்க்கும்படி பதிவாகட்டும். நேற்று என்ன இருந்தது என்ற பட்டியல் கையில் இல்லாதவர், இன்று எதை இழந்தோம் என்று எப்படிக் கணக்கிடுவார்?

குளத்து நீர் சாட்சி சொல்லக் காத்திருக்கிறது. கேட்கப் போகிறவர்கள் நாமாக இருப்போம்.