லாரிக்கு மட்டுமா கடிவாளம்?

நாமக்கல் வட்டாரத்திலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவரின் மனைவி நமக்கு நீண்ட மடல் ஒன்று வரைந்திருக்கிறார். பெயரை வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அதை விடுத்து, செய்தியை மட்டும் இங்குத் தருகிறோம்.

அவருடைய கணவர் ஓட்டும் லாரியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்டுள்ளது. ஓட்டுநர்கள் ஸ்பீடு கவர்னர் என்று சொல்வது இதைத்தான். எத்துணை அழுத்தி மிதித்தாலும் வண்டி மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் செல்லாது. அண்மையில் லோடு குறித்த நாளில் போய்ச் சேரவில்லை என்று உரிமையாளரின் ஆள் கடிந்துகொண்டாராம். “மெக்கானிக்கிடம் விட்டு அதைக் கழற்றிவிடு, எஃப்.சி.க்குப் போகும்போது மறுபடியும் மாட்டிக்கொள்ளலாம்” என்றாராம். கணவர் இரண்டு இரவுகளாக உறங்கவில்லை. “கழற்றினால் எனக்குப் பயமாக இருக்கிறது, கழற்றாவிட்டால் வண்டியை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். இப்படி ஒரு கருவியைக் கட்டாயமாக்கியது சரிதானா? என் வீட்டுக்காரரிடம் நான் என்ன சொல்லட்டும்?” என்று முடிக்கிறார் அச்சகோதரி.

மடலைப் படித்தபின் அதை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க நம்மால் இயலவில்லை. நம் இல்லங்களில் லாரித் தொழிலால் அடுப்பெரியும் இல்லங்கள் பல. அந்த லாரிகள் விரையும் சாலையைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளும் நம் குழந்தைகளே. ஆகவே இரு பக்கமும் நின்று பார்த்துத்தான் விடை கூறவேண்டியிருக்கிறது.

கருவி நேற்று முளைத்ததன்று. 1997 நவம்பரில் தில்லி வசீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து ஒன்று யமுனையில் வீழ்ந்து 28 சிறார் மாண்டனர். அந்நாள்களிலேயே உச்ச நீதிமன்றம், தில்லிச் சாலைகளில் ஓடும் கனரக வண்டிகள் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் செல்லாதபடி கருவி பொருத்தப்படவேண்டும் என்று ஆணையிட்டது. பின்னர் மத்திய மோட்டார் வண்டி விதிகளில் 118-ஆவது விதி திருத்தப்பட்டு, 1.10.2015 முதல் உற்பத்தியாகும் சரக்கு வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் 80 கி.மீ. என்ற வரம்புடன் இக்கருவி கட்டாயமாயிற்று. டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்து, தீப்பற்றும் சரக்கு ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்கு வரம்பு 60. ஐரோப்பிய நாடுகள் இதனை 1994-லேயே தொடங்கிவிட்டன. அங்கே பெரிய லாரிகளுக்கு 90 கி.மீ. ஜப்பான் 2003-இல் அதே 90-ஐ ஏற்றது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் 2009-இல் 105 என்று வைத்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மட்டும் 2016-இல் முன்மொழியப்பட்ட விதி ஒன்பதாண்டுகள் இழுபறியில் கிடந்து, 2025-இல் கைவிடப்பட்டது.

கருவி செய்வது எளிய வேலை. சக்கரம் சுழலும் வேகத்தை ஓர் உணர்கருவி அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும். வரம்பை எட்டியதும் எஞ்சினுக்குச் செல்லும் டீசலின் அளவு குறைக்கப்படும். பிரேக்கை அது தொடுவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

இனி, இது தேவைதானா என்ற கேள்விக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 1,19,904 பேரின் சாவுக்கு மிகுவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது. எல்லாம் லாரியின் குற்றமன்று. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அக்கணக்கில் உண்டு. காவல் நிலையத்தில் வேறு காரணம் தேட நேரமில்லாதபோது மிகுவேகம் என்று எழுதிவிடுவதும் உண்டு என்பதை நாம் அறிவோம். ஆயினும் லாரியின் வேகம் ஏன் தனியே கருதத்தக்கது என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும்.

இரண்டு லாரிகள் பக்கத்தில் பக்கமாக வருகின்றன என்று கொள்ளுங்கள். ஒன்று 60 கி.மீ., மற்றொன்று 80 கி.மீ. சாலையின் குறுக்கே ஒரு குழந்தை ஓடுகிறது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் முதல் லாரி 25 மீட்டரும் இரண்டாவது 33 மீட்டரும் வந்துவிடும். சாலை உலர்ந்தும் பிரேக் நன்றாகவும் இருப்பின், முதல் லாரி மேலும் 28 மீட்டரில் நின்றுவிடும். ஆக மொத்தம் 53 மீட்டர். அந்த 53-ஆவது மீட்டரில் இரண்டாவது லாரி எந்நிலையில் இருக்கும்? மெதுவாக உருண்டுகொண்டிருக்கும் என்றுதான் நாமும் நினைத்தோம். கணக்குப் போட்டுப் பார்த்தால், அது இன்னும் மணிக்கு 62 கி.மீ. வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது! முதல் லாரி நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது லாரி முதல் லாரியின் தொடக்க வேகத்தையும் விஞ்சி நிற்கிறது. வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்ததன் பொருள் இதுவே. கருவி இல்லாமல் 95, 100 என்று போகும் வண்டியின் நிலையை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

எனவே, சகோதரியின் முதல் கேள்விக்கு நம் விடை ஐயத்துக்கு இடமற்றது: கட்டாயமாக்கியது சரியே.

ஆனால் ஓட்டுநர்கள் சொல்லும் மறுப்புகளை அலட்சியமாக ஒதுக்குவதும் அறமாகாது. சென்ற கோடையில் சேலம் நெடுஞ்சாலை ஓரத்துத் தேநீர்க் கடையொன்றில், முப்பதாண்டு ஸ்டியரிங் பிடித்த ஒரு பெரியவருடன் பேசிக்கொண்டிருந்தோம். “ஐயா, தொப்பூர் இறக்கத்தில் இந்தக் கவர்னர் எனக்கு என்ன செய்யும்?” என்று கேட்டார். உண்மைதான். கணவாயின் இறக்கத்தில் வண்டியை இழுப்பது எஞ்சினன்று, பாரம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டுவிட்டால் எஞ்சினின் பிடியும் போய்விடும். பிரேக் சூடேறிச் செயலிழக்கும். டீசலை மட்டுமே குறைக்கத் தெரிந்த கருவி அங்கே வாளாவிருக்கும். அவ்வாறே, சந்தை கூடும் ஊர் நடுவிலும் பள்ளி வாயிலிலும் 80 என்பது கொலைவேகம்; அதைக் கருவி அறியாது. அது நெடுஞ்சாலைக்கு வைத்த உச்சவரம்பேயன்றி, ஓட்டுநரின் விவேகத்துக்கு மாற்றாகாது.

முந்திச் செல்வதைப் பற்றிய குறையும் ஒன்று உண்டு. 79-இல் போகும் லாரியை 80-க்கு மேல் போக முடியாத லாரி முந்த முயன்றால் என்னாகும்? 50 மீட்டர் முன்னேறவே மூன்று நிமிடம் பிடிக்கும். அதற்குள் நான்கு கி.மீ. கடந்துவிடும். அவ்வளவு தூரமும் பின்னால் வரும் வண்டிகள் அடைபட்டுக் கிடக்கும். ஜெர்மானியர் இதற்கு யானைப் பந்தயம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அமெரிக்கச் சொந்த வண்டிக்காரர்கள் இக்கருவியை எதிர்த்ததற்குக் கார்களுக்கும் லாரிகளுக்கும் இடையே வேக வேற்றுமை பெருகும் என்பதும் ஒரு காரணம். குறை மெய்யே. இதற்கு நம் மறுமொழி, முந்தாமலிருப்பதே. ஒரு கி.மீ. வேக வேறுபாட்டிற்காக முந்துவதால் நூறு கி.மீ. தூரத்தில் மிச்சமாவது ஒரு நிமிடம்தான்.

இப்போது மடலின் உள்ளே இருக்கும் முள்ளுக்கு வருவோம். அவ்வோட்டுநர் தாமே விரும்பியா கருவியைக் கழற்ற நினைக்கிறார்? இல்லையே. அவசரம் எஞ்சினில் பிறக்கவில்லை. லோடு ஏற்றுமிடத்தில் அரைநாள் காத்திருப்பு. இறக்குமிடத்தில் ஒருநாள் காத்திருப்பு. அந்தப் பொழுதுக்கெல்லாம் கூலி இல்லை. டிரிப்புக்கு இவ்வளவு, பேட்டா இவ்வளவு என்று பேசிய தொகைதான். பிறர் வீணாக்கிய மணிகளை அவர் சாலையில் மீட்கவேண்டும். அரசின் இ-வே பில் கணக்கில்கூட, சாதாரணச் சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒருநாள் என்றே காலம் தரப்படுகிறது. விரைந்தோடு என்று அரசு கேட்கவில்லை, கேட்பவர் வேறு.

கருவியால் வேகம் அடைபட்டு, கெடுவும் அப்படியே இருந்தால், ஓட்டுநர் எதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்? உறக்கத்திலிருந்துதான். இரவு இரண்டு மணிக்குக் கண் சொருகும் ஓட்டுநர் 80-இல் போனாலும் ஆபத்தே. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று பொதுவரம்பை அன்றே வகுத்தது. வகுத்து என்ன? தொலைதூர லாரியில் அதைக் கண்டவர் யார்? நேஷனல் பர்மிட் வண்டியில் இரு ஓட்டுநர் வேண்டும் என்றிருந்த விதியை நீக்குவதற்கு 2018-இல் மத்திய அரசே வரைவு வெளியிட்டது. இரண்டாவது இருக்கையில் கிளீனரும் இல்லாமல் ஒற்றை ஆளாக மாநிலங்களைக் கடப்போர் இன்று பலர்.

வேகமும் உழைப்பு நேரமும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்பதற்கு ஜப்பான் நல்ல சான்று. 2024 ஏப்ரலில் அந்நாடு லாரி ஓட்டுநர்களின் மிகைநேர உழைப்புக்கு ஆண்டுக்கு 960 மணி என்று வரம்பு கட்டியது. சரக்குப் போய்ச் சேராதே என்ற கவலை உடனே எழுந்தது. அதே மாதத்தில் விரைவுச் சாலைகளில் பெரிய லாரிகளுக்கான வேகவரம்பை 80-இலிருந்து 90-ஆக உயர்த்தினார்கள். ஒரு தட்டைத் தாழ்த்தினால் மறு தட்டு எழும். நாம் செய்திருப்பதோ, வேகத்தைப் பூட்டிவிட்டு நேரத்தைத் திறந்துவிட்டிருப்பது. திறந்த வாயில் வழியே ஓட்டுநரின் உடல்நலம் வெளியேறுகிறது.

சட்டம் இதை அறியாததன்று. மோட்டார் வண்டிச் சட்டத்தின் 183-ஆவது பிரிவை நம் வாசகர்கள் ஒருமுறையேனும் கேட்டறிந்துகொள்ளவேண்டும். வேகவரம்பை மீறி ஓட்டுபவரோடு, தமக்குக் கீழ்ப்பட்டவரை அவ்வாறு ஓட்டச் செய்பவரும் தண்டனைக்குரியவரே. கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை அபராதம். அதே பிரிவு இன்னும் ஒன்று சொல்கிறது. இன்ன நேரத்துக்குள் பயணத்தை முடிக்கவேண்டும் என்று ஒருவர் கட்டளையிட்டு, வேகவரம்பை மீறாமல் அதை முடிக்க இயலாது என்று நீதிமன்றம் கருதினால், கட்டளையிட்டவர் குற்றம் புரிந்தார் என்பதற்கு அக்கட்டளையே முதல்நோக்குச் சான்றாகும். கெடு வைத்தவரையும் சட்டம் கூண்டில் ஏற்றுகிறது! கருவியைத் தேடி வண்டியை நிறுத்தும் பிரேக் இன்ஸ்பெக்டர்கள் பலரைக் கண்டிருக்கிறோம். கெடுவைக் கேட்டு புக்கிங் ஆபீசுக்குள் நுழைந்தவர் ஒருவரையேனும் நாம் கண்டதில்லை.

மறுபுறம், விபத்தென்று நேர்ந்துவிட்டால் அகப்படுபவர் யார்? 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், கவனக்குறைவால் உயிர்போக்கியதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பழைய சட்டத்தில் அது இரண்டாண்டாக இருந்தது. கருவியைக் கழற்றச் சொன்னவர் அன்று, “நான் அப்படிச் சொல்லவேயில்லை” என்பார். அறுபட்ட சீல் ஓட்டுநருக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும்.

சகோதரி, உங்கள் கணவரிடம் சொல்லவேண்டியது இதுதான். கருவியைத் தொடவேண்டா, மெக்கானிக்கையும் தொடவிட வேண்டா. உரிமம் அவருடையது, கையும் அவருடையது. “கழற்றமாட்டேன்” என்று சண்டையிடும் குரலில் சொல்லவேண்டியதில்லை. “ஐயா, எந்த நாளில், எத்தனை மணிக்குச் சேரவேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், லோடு ஏற்றி முடித்த நேரத்தையும் அதில் குறித்துவிடுங்கள்” என்று பணிவாகக் கேட்கட்டும். கைப்பேசியில் செய்தியாக வந்தால் அதுவும் எழுத்தே, அழிக்காமல் வைத்திருக்கட்டும். எழுத்தில் கேட்டவுடன் பலருடைய கெடு தானாகவே ஒருநாள் நீள்வதை அந்தத் தேநீர்க் கடைப் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வண்டியைப் பறித்துவிடுவார்களே என்ற உங்கள் அச்சத்தைச் சிறிதென்று நாம் சொல்லமாட்டோம். தனி ஒருவர் மறுத்தால் அது நடக்கக்கூடும். அந்த நிலையத்திலுள்ள ஓட்டுநர் அனைவரும் ஒருமித்து மறுத்தால் நடவாது. உங்கள் பகுதி ஓட்டுநர் சங்கத்தில் இப்பொருளை எடுத்துரைக்கச் சொல்லுங்கள். இதைப் படிக்கும் லாரி உரிமையாளர்களும் நம்மிடையே உளர். காத்திருப்புக்கு மணிக்கணக்கில் படி கொடுக்க அவர்களால் இயலுமா, இயலாதெனில் ஏன் என்பதை நமக்கு எழுதவேண்டுகிறோம். வரும் மடல்களை அடுத்த இதழில் இப்பகுதியிலேயே வெளியிடுவோம்.