காட்டர் ஜாயின்ட் வரைவோம், செயின் மாட்டத் தெரியாது!

மலரில் கவிதை எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நம் கல்லூரியில் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் நம் சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றி எழுதுகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

நான் மெக்கானிக்கல். +2 முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன். புதுக்கோட்டைப் பக்கம் கிராமம். எங்கள் வீட்டில் மேற்படிப்பு என்று வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கட்டட வேலை. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள்தான் இன்றைக்கும் என் வண்டி. கல்லூரிக்கு ஒன்பது கிலோமீட்டர்.

போன செமஸ்டர், மெஷின் டிராயிங் தேர்வன்று பாதி வழியில் செயின் கழன்று கவருக்குள் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், உதைத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன். நாற்பது நிமிடம் தாமதம். உள்ளே விட்டதே பெரிய விஷயம். கேள்வித்தாளில் காட்டர் ஜாயின்ட்! நம் சைக்கிள் பெடல் கட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிப்பதும் ஒரு காட்டர் பின்தான். அதைக் கறுத்துப்போன கையோடு வரைந்தேன், முடிக்கவில்லை. அரியர் விழுந்தது.

அன்று மாலை செயினை மாட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? என் அப்பத்தா. 1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். அந்தக் கூட்டத்தில் எங்கள் அப்பத்தாவும் ஒருத்தி. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட கையோடு சைக்கிளும் கற்றுக்கொண்டது. "செயினைப் பின்சக்கரப் பல்லுல மாட்டு. முன்னாடி பல்சக்கரத்துக்கு அடியில புடிச்சுக்கிட்டு பெடலைப் பின்பக்கமாச் சுத்துடா"ன்னு சொல்லி, அதுவே செய்து காட்டியது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. "இது மறுபடியும் கழலும், தொங்குது பாரு" என்றது. பின்சக்கர நட்டு இரண்டையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து இறுக்கினோம். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் கழலும், விறைப்பாக இருந்தால் மிதிக்கக் கனக்கும்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்தக் கறையெல்லாம் என்னோட போகட்டும்னுதானே உன்னைப் படிக்க வச்சேன்"னு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சொன்னதில் அவருடைய வலி இருக்கிறது. ஆனால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே நினைக்கிறோம்? ஸ்பானரைப் பிடித்தால் டிப்ளமோவுக்குக் கௌரவக் குறைச்சல் என்று! 1903-ல் முதல் விமானத்தைப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள்தான். அந்த விமானத்தின் விசிறிகளைச் சுற்றியதும் செயினும் பல்சக்கரமும்தான்.

என் வகுப்பு நண்பன் ஒருவன் இடது பெடலைக் கழற்றுகிறேன் என்று அரை மணி நேரம் போராடினான். இடது பெடலுக்கு இடது மரை, வழக்கத்துக்கு எதிராகத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடும். இடது மரையைப் பாடத்தில் படித்தவன்தான் அவன். இன்னொருவன் அவனையும் மிஞ்சியவன். கிறீச்சென்று சத்தம் வருகிறதென்று பிரேக் கட்டைக்கே எண்ணெய் விட்டான்! பாலத்து இறக்கத்தில் பஸ்சுக்குப் பின்னால் போய் நின்றது அவன் நல்ல நேரம். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது, நண்பர்களே. கட்டை தேய்ந்தால் மாற்றிவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். செயினுக்கோ தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். பழைய துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் சில சொட்டு போதும்.

காற்று அடிக்கடி இறங்கினால் உடனே பஞ்சர் என்று கடைக்குத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். முதலில் வால்டியூப் ரப்பரைப் பாருங்கள். வெயிலில் வெடித்திருக்கும். மாற்ற இரண்டு நிமிடம்.

கடைக்கார அண்ணன்களின் பிழைப்பில் மண்ணைப் போடச் சொல்லவில்லை. சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பதும் ஓவராயிலும் அவர்கள் கைக்குத்தான் வரும். ஆனால் எங்கள் பக்கம் சைக்கிள் கடையே குறைந்துவிட்டது. பைக் கடையில் சைக்கிளைத் தொடவே யோசிக்கிறார்கள். நடு ரோட்டில் நிற்கும்போது யார் வருவார்?

யூனியனுக்கு ஒரு கோரிக்கை. ஸ்டாண்ட் மூலையில் ஒரு காற்றடிக்கும் பம்ப், ஒரு வாளி, ஸ்பானர், பஞ்சர் ஒட்டும் சாமான் வையுங்கள். ஆண்டு விழா பந்தல் செலவில் சின்னத் துண்டுதான் ஆகும். முதலாமாண்டு தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். சிவில்காரர்களும் வரலாம். ஸ்பானரைச் சங்கிலி போட்டுக் கட்டிவையுங்கள், நம்மவர்களை எனக்குத் தெரியும்.