திறமூலத் தேடலும் பதிப்பக ஆவணங்களும்

பல்லாண்டுகளாகச் சேர்ந்த ஒப்பந்தங்களையும் கடிதங்களையும் செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு தேட விரும்பும் பதிப்பகத்தார், அவற்றை அயலார் வழங்கிக்கு அனுப்பாமல், தம் வழங்கியிலேயே திறமூல மென்பொருளை நிறுவிக்கொள்வதே நன்று என்பது நம் கருத்து. எழுத்தாளரின் உரிமைத்தொகை ஊரார் கண்ணில் படவேண்டிய பொருளன்று.

ஆயினும் 'திறமூலம்' என்னும் பெயரை மட்டும் நம்பலாகாது. எலாஸ்டிக்சர்ச் 2021இல் அப்பாச்சி உரிமத்தைக் கைவிட்டது. உடனே அமேசான் அதன் முந்தைய பதிப்பிலிருந்து ஓப்பன்சர்ச் என்னும் கிளையைத் தொடங்கியது. 2024இல் எலாஸ்டிக்சர்ச் ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் ஓப்பன்சர்ச், லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்தது. ஒரே நிறுவனத்தின் மனமாற்றத்துக்கு ஆட்படாத பின்னதையே நாம் பரிந்துரைப்போம்.

உரிமத்தினும் பெரிய இடர் எழுத்தில் இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய டாம், டாப் குறியாக்கங்களில் தட்டச்சு செய்த கோப்புகளில் நாம் தமிழாகக் காண்பதை இயந்திரம் பொருளற்ற இலத்தீன் குறிகளாகவே காணும். அங்கே நுண்ணறிவு என் செய்யும்? முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். பின்னர், 'ஒப்பந்தம்' என்று தேடினால் 'ஒப்பந்தத்தில்', 'ஒப்பந்தங்களை' ஆகியனவும், 'நூல்' என்றால் 'நூற்பட்டியல்' என்பதும் அகப்படுகின்றனவா என்று பார்க்கவேண்டும். லகரம் றகரமானதும் திகைத்து நிற்கும் மென்பொருள் (நம் மாணவர் சிலரும் அங்ஙனமே!) தமிழ்ப் பதிப்பகத்துக்கு ஆகாது. விற்பனையாளர் காட்டும் ஆங்கில மாதிரிகளில் மயங்காமல், தம் கோப்புகளில் ஐம்பதையேனும் கொடுத்துச் சோதித்த பின்னரே வழங்கிக்குப் பணம் செலவிடுக.