ஹாலில் ஒரு கீரைப்பாத்தி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஃப்ளாட் வாங்கியவர்களுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. குடிபோன ஆறாவது மாதம் விவசாய ஆசை வரும். ஊரில் இருந்த நிலத்தை விற்றுத்தான் ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸே கொடுத்திருப்பார்கள். அது வேறு விஷயம்.

மொட்டை மாடியில் தொட்டி வைக்கலாம் என்றால், 'சீலிங் ஒழுகும்' என்று அசோசியேஷன் செக்ரெட்டரி நோட்டீஸ் ஒட்டிவிடுவார். பால்கனியில் வாஷிங் மெஷின். மிச்சம் இருப்பது ஹால். ஹாலில் விவசாயம் பண்ண வேண்டுமானால் ஹைட்ரோபோனிக்ஸ்தான். மண்ணே கிடையாது. சத்துக் கரைத்த தண்ணீரில் வேரைத் தொங்கவிட்டுச் செடி வளர்ப்பது.

திருமுல்லைவாயல் நண்பர் ஒருவர் வாங்கியிருக்கிறார். வெள்ளை பி.வி.சி. குழாய் நாலு அடுக்கு, 36 ஓட்டை, ஓட்டைக்கு ஒரு வலைக் கப், கீழே தண்ணீர் டப்பா, மீன்தொட்டி மோட்டார், மேலே ஊதா நிறத்தில் எல்.ஈ.டி. விளக்கு. ராத்திரி தெருவிலிருந்து பார்த்தால் யாரோ ரகசியமாக பார் நடத்துகிற மாதிரி இருக்கிறது. வாட்ச்மேன் இரண்டு தடவை மாடியேறி வந்து விசாரித்துவிட்டார். நண்பரின் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "மண்ணு படாத கீரைக்கு சத்து எங்கேருந்துடா வரும்?"

இதே கேள்வியை பெல்ஜியத்துக்காரர் வான் ஹெல்மான்ட் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகவே கேட்டிருக்கிறார். தொட்டியில் 200 பவுண்டு காய்ந்த மண்ணை எடைபோட்டுக் கொட்டி, 5 பவுண்டு வில்லோ கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கடைசியில் மரம் 169 பவுண்டு. மண்ணில் குறைந்திருந்தது இரண்டு அவுன்ஸ், அதாவது அறுபது கிராம்கூட இல்லை. அவர் இறந்தபிறகு 1648-ல் இது அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடுக்கும் பெரிய பங்கு உண்டு என்று பிற்பாடு தெரிந்தது. மண் கொடுப்பது பிடிமானமும் கொஞ்சம் உப்புகளும்தான். அந்த உப்புகளைத் தண்ணீரிலேயே கரைத்துக் கொடுத்தால் போதும் என்று 1860-களில் ஸாக்ஸ், நாப் என்ற ஜெர்மானியர்கள் செய்து காட்டினார்கள்.

இதைச் சோதனைச்சாலையிலிருந்து சந்தைக்கு இழுத்து வந்தவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக். தண்ணீர்த் தொட்டியில் 25 அடி உயரத்துக்குத் தக்காளிக்கொடி வளர்த்தார். ஏணி போட்டுப் பறித்தார்கள். 1937-ல் ஹைட்ரோபோனிக்ஸ் என்று பெயரும் வைத்தார். பத்திரிகைகள் போட்டோ போட்டுத் தள்ளின. இனிமேல் வயலே வேண்டாம், சமையலறை மூலையில் காய்கறி என்று அமெரிக்காவே கிளம்பிவிட்டது.

அதே பல்கலைக்கழகத்தில் ஹோக்லாண்ட், ஆர்னான் என்று இரண்டு பேர் நிதானமாக உட்கார்ந்து சோதித்தார்கள். 1938-ல் அவர்கள் சொன்னது இதுதான்: வெளிச்சமும் பராமரிப்பும் ஒரே மாதிரி இருந்தால், நல்ல மண்ணில் விளைவதைவிட இதில் பிரமாதமாக ஒன்றும் விளையாது. மண் இல்லாத இடத்தில் இது வரப்பிரசாதம், அவ்வளவுதான். பான் அமெரிக்கன் விமானங்கள் பெட்ரோல் போட இறங்கிய வேக் தீவு வெறும் பவளப்பாறை. அங்கே பயணிகளுக்குக் காய்கறி இப்படித்தான் விளைந்தது. நம் நாட்டிலும் 1946-லேயே ஷோல்டோ டக்ளஸ் என்பவர் வங்காளத்தின் காலிம்போங்கில் ஆராய்ச்சி தொடங்கி, ஏழைகளும் செய்யக்கூடிய எளிய முறை ஒன்றை உருவாக்கிப் புத்தகமே எழுதியிருக்கிறார். வெளிநாட்டுக் கண்ணாடிக்கூடங்களில் மண்ணுக்குப் பதிலாகத் தக்காளி நிற்பது தேங்காய் நார்க்கழிவில். அதில் கணிசமான பங்கு நம்ம பொள்ளாச்சி சரக்கு.

* * *

அது சரி, நம்ம ஏரியாவுக்கு ஒத்துவருமா?

முதலில் தண்ணீர். போர் தண்ணீரில் ஏற்கனவே ஏகப்பட்ட உப்பு. அதில் சத்து உப்பையும் கரைத்தால் செடிக்கு ரத்தக்கொதிப்பு வரும். ஆர்.ஓ. தண்ணீர் உத்தமம். ஆனால் ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு அதைவிட அதிகமாகவே சாக்கடைக்குப் போகும். தண்ணீரை மிச்சம் பிடிக்கிற விவசாயத்துக்கு இது கொஞ்சம் இடிக்கிறது. கழிவுத் தண்ணீரைப் பிடித்து வாசல் தெளிக்கலாம், பாத்ரூம் கழுவலாம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் ஏற்றிக்கொண்டு ரயில் வந்து நின்றது வேறெங்கும் இல்லை, இங்கே பக்கத்து வில்லிவாக்கத்தில். மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, வெயில். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். மே மாதம் வேர் மூச்சுமுட்டிப் பழுப்பாகி அழுகும். விளம்பரத்தில் வருகிற லெட்யூஸ் இங்கே கசந்து பூத்துவிடும். பாலக்கும் வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஜோராக வரும். வெயில் காலத்துக்கு முளைக்கீரையும் புதினாவும்.

மூன்றாவது, கொசு. திறந்த டப்பாவில் தண்ணீர் நின்றால் செடிக்கு முன்னால் டெங்கு கொசு குடும்பம் நடத்தும். இறுக்கமான மூடி வேண்டும். அதுவும் வெளிச்சம் புகாத மூடி, இல்லையென்றால் பாசி.

* * *

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் கிலோ என்ன விலை அடங்குகிறது என்று பார்க்கத் தோன்றும். நண்பரின் செட் 18,000 ரூபாய். ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்தால் வருஷத்துக்கு 3,600 தேய்மானம். சத்து உப்பு மாதம் நூறு வீதம் 1,200. மோட்டார் 18 வாட், நாள் முழுக்க. விளக்கு 100 வாட், பதினாலு மணி நேரம். மாதம் 55 யூனிட். இரண்டு மாதத்துக்கு 110. அரசாங்கம் 2016-ல் அறிவித்த 100 யூனிட் இலவச மின்சாரத்தைக் கீரையே சாப்பிட்டுவிட்டு இன்னும் பத்து யூனிட் கேட்கிறது! யூனிட் சராசரி ஐந்து ரூபாய் என்றால் வருஷம் 3,300. ஆக மொத்தம் 8,100. ஓட்டைக்கு மாதம் நூறு கிராம் என்று தாராளமாகவே வைத்தாலும் வருஷத்துக்கு 43 கிலோ. கிலோ 188 ரூபாய். தெருவில் கட்டு 20 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கிலோவுக்கு ஐந்து கட்டு என்றாலும் நூறு ரூபாய்.

பொழுதுபோக்கு என்றால் 188 ரூபாய் தப்பே இல்லை. சினிமாவுக்குப் போனால் பாப்கார்னுக்கே அதற்குமேல் ஆகிறது. நான் கவலைப்படுவது வேறு ஆளைப் பற்றி. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், கல்யாணம் நிச்சயமானவர், டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். வேலையை விட்டுவிட்டு, பி.எஃப். பணத்தோடு அக்கா நகையையும் வைத்துக் கால் ஏக்கரில் ஹைட்ரோபோனிக்ஸ் பண்ணை போடப் போகிறாராம். "செட்டை அவங்களே போட்டுத் தர்றாங்க சார். விளைஞ்சதையும் அவங்களே வாங்கிக்கிறாங்க சார்!"

இந்த 'அவங்களே வாங்கிக்கிறாங்க'வைத் தமிழ்நாடு நிறையப் பார்த்திருக்கிறது. தொண்ணூறுகளில் தேக்கு மரம். 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி. தேக்கும் நல்ல மரம்தான், ஈமுவும் பாவம் நல்ல பறவைதான். ஏமாற்றியது மரமோ பறவையோ இல்லை.

அவரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். இரண்டு மே மாதம் தாண்டிய பண்ணை ஒன்றைக் காட்டுவார்களா? அந்தப் பண்ணைக்காரர் செட் விற்காமல், கீரை விற்றே சம்பாதிக்கிறாரா? 'நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்பது எழுத்தில் இருக்கிறதா, வாயில் இருக்கிறதா? கேட்டுவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார். அக்கா நகை இந்த நிமிஷம் வரை பீரோவில்தான் இருக்கிறது.

* * *

ஆசை விடவில்லை என்பவர்களுக்கு மோட்டார், கரண்ட் எதுவும் இல்லாத ஒரு வழி. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி சொல்லிக்கொடுத்தது. மீன்கடையில் தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கிக் கழுவுங்கள். மூடியில் ஆறு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு வலைக் கப், அதில் நார்க்கழிவு, நாற்று. சத்து 'ஏ', 'பி' என்று இரண்டு பாட்டிலாக வரும். இரண்டையும் நேராகக் கலந்தால் கால்சியம் சுண்ணாம்பு மாதிரி அடியில் தங்கிவிடும். தனித்தனியாகத் தண்ணீரில் ஊற்றுங்கள். பி.எச். 5.5-லிருந்து 6.5-க்குள். கப்பின் அடி நனைகிற அளவுக்குத் தண்ணீர். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேல் வேர் காற்றை வாங்கும், அடி வேர் தண்ணீரை வாங்கும். பரிதாபப்பட்டு மறுபடி விளிம்புவரை நிரப்பாதீர்கள், மூழ்கிச் செத்துவிடும். காலை வெயில் விழும் ஜன்னலோரம் போதும். ஊதா விளக்கு வேண்டாம். வாட்ச்மேனும் வர மாட்டார்.

நாலைந்து வாரத்தில் முதல் கீரை. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், காலையில் கூடையோடு குரல் கொடுத்துக்கொண்டு வருகிற கீரைக்கார அம்மாவை விட்டுவிடாதீர்கள். கட்டு இருபது ரூபாய்க்கு எப்படிக் கட்டுபடியாகிறது என்ற கணக்கு எனக்கே இன்னும் பிடிபடவில்லை. தயவுசெய்து அதிலும் பேரம் பேசாதீர்கள்.